குருவி இல்லாத சலவைக்கூடம்

பிப்ரவரி 4

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

சித்தி எழுதுகிறேன். உன் அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? சின்ன எழுத்தைப் படித்துப் படித்து என் கண்தான் பொங்கி நிற்கிறது. மற்றபடி குறையில்லை.

நீ பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் சேர்ந்திருப்பதாக அக்கா எழுதியிருந்தாள். கரும்பலகை முன்னால் மூன்று நாள் வாய் திறக்காமல் நின்றுவிட்டு, நாலாம் நாள் போகாமலே இருந்துவிட்டவள் நீ. திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆறாவது நாவல். கதாநாயகி வேறு இனத்தவள். அவள் நிறத்தையும் முடியையும் பார்த்தே எல்லோரும் ஒதுங்குகிறார்கள். அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. நானோ அந்த மாதிரி இடத்தை வாசலோடு பார்த்தவள். முதல் இரண்டு அத்தியாயங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இயந்திரம், சோப்பு, இஸ்திரி இவற்றில் தப்பு இருந்தால் மட்டும் சொல். கதையில் கை வைக்காதே. அவளுடைய தனிமை மிக நுட்பமாக வந்திருக்கிறது என்கிறார் என் பதிப்பாளர். அது உனக்கு எட்டாது.

வாயைத்தான் திறக்க மாட்டாய், பேனாவையாவது திற. வேளைக்குச் சாப்பிடு.

சித்தி


பிப்ரவரி 21

சித்திக்கு வணக்கம்.

அம்மாவின் முட்டி மழை பெய்தால் வலிக்கிறது, பெய்யாவிட்டாலும் வலிக்கிறது. உங்கள் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். கேட்டபடியே தப்புகளை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கதாநாயகி சட்டையை முதுகுப் பக்கத்திலிருந்து தேய்க்கிறாள். காலரில் தொடங்காதவளை எங்கள் இஸ்திரிக்கார அக்கா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஈர விரிப்புகளை மார்போடு அணைத்தபடி ஜன்னலோரம் நெடுநேரம் நிற்கிறாள். ஈர விரிப்பின் கனம் தெரிந்திருந்தால் நீங்கள் அவளை அணைக்க விட்டிருக்க மாட்டீர்கள். ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்கிறாள். எங்கள் ஜன்னல் ஆவியில் வெந்த முட்டை மாதிரி வெளுத்திருக்கும், வெளியே நிற்பது மேகமா மாடா என்று தெரியாது. தினமும் ஒரு குருவி உள்ளே வந்து அவளோடு பேசுகிறது. எங்கள் கூடத்துக்குள் குருவி வந்தால் அரை மணியில் வெந்துவிடும்.

நான் இயந்திரத்தில் வேலை செய்யவில்லை. விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளுக்கும் சட்டைகளுக்கும் துணிப்பட்டையில் அழியாத மையால் எண் எழுதித் தைக்கிறேன். இங்கே ஊசி பிடிக்கிறவள் நான் ஒருத்திதான். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் வேலை பிடித்திருக்கிறது. எல்லோரும் என்னை ஊமை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கதையில் கை வைக்கக் கூடாது என்றீர்கள். வைக்கவில்லை. ஒன்றே ஒன்று. அவளைச் சுற்றி நிசப்தம் என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் இங்கேயும் வேறு இனத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், பிழியும் இயந்திரத்துக்கு. அவளைச் சுற்றி நிசப்தம் இருந்து நான் பார்த்ததில்லை. அவள் தலைக்கு மேலேயே பேசுகிறார்கள், அதுவும் அவளைப் பற்றியே, அவள் என்னவோ ஒரு தூண் மாதிரி. நிசப்தம் கிடைத்தால் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைக்கிறேன்.

அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 4

ஊமைக்கோட்டானே,

நீ இருக்குமிடத்தில் எல்லோரும் சுகம்தானே? சொட்டு மருந்து விட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

காலரைத் திருத்திவிட்டேன். குருவியையும் எடுத்துவிட்டேன், மனசே இல்லாமல். அந்தக் குருவிக்காகவே என் பதிப்பாளர் கண் கலங்கினார். பூனை வைக்கலாமா? பூனை வெப்பம் தாங்கும்.

நிசப்தம் பற்றி நீ சொன்னதை இலக்கியம் தெரியாத பிள்ளையின் பேச்சாக எடுத்துக்கொள்கிறேன். அது மனசுக்குள் இருக்கும் நிசப்தம். போகட்டும். அங்கேயே ஒருத்தி இருக்கிறாள் என்பதை இவ்வளவு சாவகாசமாக, கடைசி வரியில் சொல்கிறாயே. எழுது அவளைப் பற்றி. அழுவாளா? யாரும் பார்க்காதபோது அவள் முகம் எப்படி இருக்கும்? அவள் கண்களில் ஒரு ஆழம் இருக்குமே, அது தெரிகிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தி


மார்ச் 20

சித்திக்கு வணக்கம். நாங்கள் இருவரும் நலம், முட்டியைத் தவிர.

பூனை வேண்டாம்.

அவள் அழுவதில்லை. கண்ணில் ஆழம் இருக்கிறதா என்று தெரியவில்லை, சோப்புத் தண்ணீர் பட்டு எங்கள் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கிறது. உங்கள் கதாநாயகி மாதிரி அவள் நல்லவளும் இல்லை. யார் நின்றாலும் ஈரத்துணி வண்டியைக் காலில் ஏற்றுவாள். "கால எடு. கால் உன்னுது, வழி என்னுது" என்பாள். உங்கள் கதாநாயகியோ மிதித்தவர்களிடமே மன்னிப்புக் கேட்கிறாள். ஒதுக்கி வைத்தால் ஒருத்தி தேவதை ஆகிவிடுவாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒதுக்கினால் முதலில் வருவது முன்கோபம்.

எங்கள் மேஸ்திரியம்மாதான் கூடத்துக்குப் பெரியவள். அவள் பேச்சை எழுதுகிறேன், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் இனமெல்லாம் பாக்குறவ இல்லப்பா. சுத்தம் பாக்குறவ. அவ்வளவுதான்."

"அதுங்க கை பட்டா துணி சீக்கிரம் பழுத்துடுமாம்," என்றாள் இஸ்திரிக்கார அக்கா.

"யாரு சொன்னா?"

"சொல்லிக்கிறாங்க."

பிழியும் இயந்திரம் மூன்றடி தள்ளி இருக்கிறது. அவள் காதில் எல்லாம் விழும். இத்தனைக்கும் இங்கே வரும் ஒவ்வொரு விரிப்பும் அவள் கை வழியாகத்தான் போகிறது. ஊரில் பாதிப் பேர் அவள் பிழிந்ததில்தான் படுத்துத் தூங்குகிறார்கள். அந்த விரிப்பெல்லாம் சுத்தம். அவள் இடுப்பில் கட்டியிருக்கும் ஏப்ரன் மட்டும் அழுக்கு. இவர்கள் அறிவை எந்தத் தண்ணீரில் அலசுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமைதோறும் எங்கள் ஏப்ரன்களை ஒன்றாகப் போட்டுத் துவைப்போம். அவள் வந்த வாரமே அவளுடையதைத் தனியாக, கடைசியில், மிஞ்சின தண்ணீரில் போட வேண்டும் என்று மேஸ்திரியம்மா சொன்னாள். கலந்துவிடாமல் இருக்க அதில் ஒரு மூலையில் சிவப்பு நூலால் பெருக்கல் குறி போடப்பட்டது. "தூரத்துலயே தெரியணும்" என்றதால் பிறகு விளிம்பு முழுக்க மூன்று வரிசை. அவள் தண்ணீர் குடிக்கும் குவளையின் காதிலும் அதே நூல். இந்த மாதிரி எதுவும் உங்கள் கதையில் இல்லை. உங்கள் கதையில் எல்லோரும் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிறார்கள்.

கண்ணைக் கசக்காதீர்கள்.

உங்கள் அக்கா மகள்


ஏப்ரல் 2

என் கண்ணுக்குட்டி,

சுகமா? எனக்குக் கண் தெளிந்துவிட்டது, உன் கடிதமே மருந்து.

சிவப்பு நூலை ஆறாம் அத்தியாயத்தில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்தில் வாசித்தேன். அரங்கமே உச்சுக்கொட்டியது. ஒரு பேராசிரியர் எழுந்து, "இந்தப் படிமம் உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்றார். "தானா வந்துது" என்றேன். வேறு என்ன சொல்வது, உன் பெயரையா?

உன் மேஸ்திரியை அப்படியே உரித்து வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். நூலை மேஸ்திரி தன் கையாலேயே தைப்பதாக எழுதியிருக்கிறேன். அங்கே உண்மையில் யார் தைத்தது? அந்தப் பெண் முன்னாலேயா, மறைவாகவா? தைத்தவளுக்குக் கை நடுங்கியதா? ஏழாம் அத்தியாயம் வரை நகலும் இத்துடன் வருகிறது. உடனே எழுது.

உன் சித்தி


ஏப்ரல் 9

சித்திக்கு வணக்கம். எல்லோரும் நலம்.

ஏழாம் அத்தியாயத்தில் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கச் சட்டையில் ஊற்றுகிறீர்கள். ஆற வைத்து, வடிகட்டித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.


ஏப்ரல் 24

ஊமைக்கோட்டானுக்கு,

அக்கா நலம்தான் என்று அவளே எழுதிவிட்டாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று கேள்வி கேட்டேன். கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறாய். இத்தனை நாளில் நீ எனக்குப் பதில் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'இங்கே ஊசி பிடிக்கிறவள் நான் ஒருத்திதான்.' உன் கையெழுத்துதான், சின்னச் சின்னதாக, எறும்பு ஊர்கிற மாதிரி.

மேஸ்திரியைக் கிழித்தாய், இஸ்திரிக்காரியைக் கிழித்தாய், என்னையும் சும்மா விடவில்லை. அவர்கள் அறிவை எந்தத் தண்ணீரில் அலசுவது என்று வேறு கேட்டாய். உன்னுடையதை எதில் அலசுவதாக உத்தேசம்?

கோபப்படாதே. எழுத்துக்காரிக்கு இது அதிர்ஷ்டம். பேசாத ஒரு பெண், ஊசியும் கையுமாக. எவ்வளவு நல்ல பாத்திரம். அவளை நாவலில் சேர்க்கப் போகிறேன். தைத்தபோது என்ன நினைத்தாய் என்று மட்டும் எழுது, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தி


ஜூலை 11

சித்திக்கு வணக்கம்.

இரண்டரை மாதம் ஆகிவிட்டது. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மாவுக்கு இடது முட்டிக்கும் வந்துவிட்டது.

தைத்தது நான்தான்.

கை நடுங்கவில்லை. அவள் முன்னால்தான் தைத்தேன். மேஸ்திரியம்மா ஏப்ரனை என் மேஜையில் போட்டாள், நான் ஊசியில் நூல் கோத்தேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது பாதிதான் உண்மை. அவள் வருவதற்கு முன்னால் இங்கே எல்லோரும் சிரிப்பதற்கு என்று இருந்தவள் நான். "ஊமை, ஒரு பாட்டுப் பாடேன்" என்பார்கள். நான் சாப்பிட வந்தால் பெஞ்சில் யாரும் நகர மாட்டார்கள், நின்றுகொண்டே சாப்பிடுவேன். அந்த ஏப்ரனைத் தைத்த அன்றைக்கு இஸ்திரிக்கார அக்கா நகர்ந்து, "உக்காரு புள்ள" என்றாள். உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. மூன்று வரிசை தைக்கச் சொன்னபோது வேகமாகவே தைத்தேன். இதை உங்கள் நல்ல பாத்திரத்தில் எங்கே வைப்பீர்களோ, வையுங்கள்.

நடந்ததை எழுதுகிறேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை ஒரு விடுதியிலிருந்து இருபது வெள்ளை விரிப்பு அவசரமாக வந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக மேஸ்திரியம்மா தரையில் கிடந்த எல்லா ஏப்ரன்களையும் அள்ளி அந்த விரிப்புகளோடு சேர்த்துக் கொதிநீரில் போட்டாள். என் மேஜையிலிருந்து பார்த்தேன். எடுக்கும்போது இருபதும் ரோஜா நிறம். நான் தைத்தது சாயம் போகும் நூல். எந்த நூலையும் நனைத்து வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் தைப்பேன். அதை மட்டும் தேய்த்துப் பார்க்கவில்லை. அவளுடைய ஏப்ரனுக்கு அவ்வளவு எதற்கு என்று நினைத்தேன்.

முதலாளி வந்தார்.

"அவ ஏப்ரன்தாங்க. வேணும்னே வெள்ளையில போட்டிருக்கா," என்றாள் மேஸ்திரியம்மா. "நம்ம மேல அவ்ளோ வன்மம்."

"நான் போடல," என்றாள் அவள்.

"பின்ன அதுவா நடந்து போச்சா?" என்றாள் இஸ்திரிக்கார அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி, "அடுத்த சனியோட நின்னுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் வந்த அதே காற்றுதான் வந்தது.

புதன்கிழமை முதலாளியின் ஆறு சட்டைகள் என்னிடம் வந்தன. ஒரு பட்டையில் மூன்று சொல்தான் அடங்கும். ஆறு பட்டை எழுதி, ஒவ்வொரு காலரிலும் வெளிப்பக்கமாகத் தைத்தேன். நல்ல நூல், தேய்த்துப் பார்த்தது.

மறுநாள் அவர் அறைக்குக் கூப்பிட்டார். மேஸ்திரியம்மாவும் நின்றாள். ஆறு சட்டையும் மேஜை மேல் தாறுமாறாகக் கிடந்தன.

"இதுல எது மொதல்ல?" என்றார்.

வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்தார். நூல் தைத்தது நான். தைக்கச் சொன்னது மேஸ்திரியம்மா. சாயம் போகும் நூல். வெள்ளையில் போட்டதும் மேஸ்திரியம்மா. கண்ணால் பார்த்தேன். அவள் போடவில்லை.

"என்னடி ஊமை, பட்டையில பேசுறியா?" என்றாள் மேஸ்திரியம்மா.

"நீ போட்டியா?" என்று மேஸ்திரியம்மாவைக் கேட்டார் முதலாளி.

"அவசரத்துல எது எதுன்னு யாருங்க பாக்குறது?"

அவர் ஒரு காலரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஆறுலயும் அழியாத மை. பட்டையத் தாண்டி காலர்லயே ஊறிப்போச்சு. நான் என்னத்தப் போட்டுக்கிட்டு வெளிய போறது?" என்றார். ஒரு மனிதன் கோபப்பட வேண்டிய இடம் எது என்று யோசித்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். பிறகு, பிழியும் இயந்திரத்துக்கு வேறு ஆள் கிடைக்காது என்பதால் அவள் இருக்கலாம் என்றார். மேஸ்திரியம்மா மேஸ்திரியம்மாவாகவே இருக்கிறாள். என்னிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஈரத்துணி வண்டி தள்ளுகிறேன், பிழியும் இயந்திரத்தின் பக்கத்தில்.

பெஞ்சில் யாரும் நகர்வதில்லை. என் தலைக்கு மேலேயும் பேசுகிறார்கள். அவளும் என்னோடு பேசுவதில்லை. மற்றவர்கள் பேசாததைப் பற்றிக் கவலையில்லை.

இதைப் புத்தகத்தில் போடாதீர்கள்.

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 2

என் ஆருயிர் ஊமைக்கோட்டானுக்கு,

எல்லோரும் சுகமா? அக்காவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்த்துவிடு.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன் வருகிறது. போடாதே என்றாய், நானும் இரண்டு நாள் யோசித்தேன். போடாமல் இருக்க முடியவில்லை. அதுதான் நாவலுக்கு முதுகெலும்பு என்கிறார்கள் எல்லோரும். சட்டைப் பட்டைகள் மட்டும் நம்பும்படி இல்லை என்று பதிப்பாளர் சொன்னதால் எடுத்துவிட்டேன். அந்தப் பெண் வாய் திறந்து முதலாளி முன்னால் ஒரு பக்கம் பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறாள்.

கடைசி அத்தியாயத்தை நீயே படித்துக்கொள். இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுக்கொண்டு, கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அப்போது ஜன்னலில் அந்தக் குருவி. நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனால் வாசகர்கள் மனசு ஆறாமல் புத்தகத்தை மூடக் கூடாது. அங்கேயும் அப்படித்தான் முடிந்திருக்கும், நீதான் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டிருப்பாய்.

படித்துவிட்டு இரண்டு வரி எழுது.

சித்தி


செப்டம்பர் 15

சித்திக்கு வணக்கம்.

தைலம் வந்தது. அம்மா இரண்டு படி ஏறினாள். உங்கள் கண் இப்போது எப்படி இருக்கிறது?

புத்தகம் படித்தேன். குருவிக்கு வெப்பம் பழகிவிட்டது போலிருக்கிறது. நான் ஒரு பக்கம் பேசியிருப்பதையும் படித்தேன். அவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் எதற்காக அந்தச் சிவப்பு நூலைத் தைக்கிறாள் என்று உங்கள் பேராசிரியர் யாரும் கேட்கவில்லையா?

வெட்கப்பட்டு ஒன்றை எழுதாமல் விட்டது நிஜம்தான். இப்போது எழுதுகிறேன்.

சட்டை விவகாரம் முடிந்த சனிக்கிழமை, அவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏப்ரனை மடியில் வைத்து, மூன்று வரிசைத் தையலையும் பல்லால் கடித்துக் கடித்துப் பிரித்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. நான் நெருக்கமாகத்தான் தைத்திருந்தேன். கடைசியாகக் குவளைக் காதில் இருந்ததையும் பிரித்து, எல்லாவற்றையும் விரலில் உருண்டையாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அப்போது குரல் வந்தது. உங்கள் நாவலில் வருவது போலத்தான். "உங்க பேரு என்ன?" என்றேன். அந்தக் கூடத்தில் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"அஞ்சு மாசமா என் இடுப்புல எழுதி வெச்சிருந்தியே," என்றாள், "அதுதான்."

நூல் உருண்டையை என் கையில் வைத்தாள். "இது உன்னுது. வெச்சுக்க, அடுத்து வர்றவளுக்கு ஆவும்." பிறகு வண்டியைப் பார்த்தாள். "கால எடு."

எடுத்தேன்.

பெயரை இன்னும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

அந்த நூலில் பாதியை வெட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தைத்தது நான் என்றாலும், அரங்கத்தில் தூக்கிக் காட்டி உச்சுக்கொட்ட வைத்தவர் நீங்கள். புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஈரக்கையோடு மட்டும் தொடாதீர்கள். இன்னும் சாயம் போகிறது.

உங்கள் அக்கா மகள்